கேபிள்காரர் வீட்டுப் புள்ளிகள்

செல்போன் கோபுரங்களுக்கான ஆம்ப்ளிஃபையரைச் சோதிப்பது என் வேலை. இன்று பவரைக் கூட்டியதும் திரையில் சிக்னல் வீங்கி, பக்கத்து அலைவரிசைக்குள் வழிந்தது. எனக்கு எங்கள் ஊர் சாத்தூர் ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் என் அப்பா, நாங்கள் அழைக்கும் அத்தா, அங்கே கேபிள் டிவி நடத்தினார். தெருவின் முதல் கம்பம் எங்கள் வாசலில் இருந்தது. அதிலிருந்த ஆம்ப்ளிஃபையர் வழியாகத்தான் எல்லா வீடுகளுக்கும் படம் போகும்; எங்களுக்கு அதிலிருந்து நேரே வரும், தள்ளியிருந்த வீடுகளுக்கு வழியிலிருந்த கம்பங்களில் இன்னும் கூட்டிக்கொண்டே போகும். இருக்கன்குடி அம்மன் கோவில் திருவிழாவை நேரடியாகக் காட்டிய ஆடி வெள்ளியன்று, படம் பளிச்சென்று இருக்கட்டும் என்று அத்தா அதன் பவரைக் கூட்டி வைத்தார். எங்கள் டிவி ஜொலித்தது.

கொஞ்ச நேரத்தில் கடைசி வீட்டுச் சொர்ணத்தக்காவின் தங்கை ஓடிவந்தார். நடக்க முடியாத சொர்ணத்தக்கா அந்த வருசம் டிவியில்தான் சாமி கும்பிட வேண்டும்.

"பாய், ஆத்தா மொகத்து மேல சீரியல்காரி அழுதுகிட்டே போறா!"

"இன்னுங் கொஞ்சம் கூட்டி வைங்க பாய்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"கூட்டுனதாலதான்யா ஒரு சேனல் மேல இன்னொண்ணு ஏறுது" என்றபடி அத்தா ஏணியைச் சாத்தினார். ஏறிக் குறைத்துவிட்டு, சைக்கிளில் நேரே கடைசி வீட்டுக்குப் போனார்.

எங்கள் டிவியில் புள்ளி விழுந்தது. அவர் திரும்பியதும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"கேபிள்காரவுக வீட்டுலயே புள்ளி விழுந்தா, பாக்குறவுக என்ன சொல்லுவாக?"

"அங்கன போயிப் பாரு. ஆத்தா மூக்குத்தி தெரியுது" என்றார் அத்தா.

அதன்பின் அவர் அதைக் கூட்டவே இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் புள்ளி விழுந்துகொண்டே இருந்தது.

பவரைக் குறைத்துவிட்டு, முதலில் பக்கத்து அலைவரிசையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.