நமது குடும்பமும் நம்மட குடும்பமும்

சென்ற வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வீடு திரும்பி, முதல்நாள் மீனாணத்தைச் சுடவைத்துச் சோற்றில் ஊற்றிய வேளை, கைப்பேசி ஒருமுறை சிணுங்கியது.

ஏழு வாரங்களாக வெள்ளிக்கிழமைகளில் அது சிணுங்கியதில்லை. ஆகவே சோற்றை விட்டெழுந்து, கையைக் கழுவிவிட்டு வந்தேன்.

நாற்பது விநாடிக் காணொலி ஒன்று. புத்தளத்தில் இருக்கும் என் தங்கை ஸரீனாவின் வீட்டுக்கூடம். நடுவே ஒரு கதிரை. அதில் தங்கை அமர்ந்திருக்கிறாள். முக்காட்டுக்கு மேல் ஆண்கள் அணியும் தொப்பி, மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் வகுப்பில் கோடு போடும் ஓர் அடிமட்டம். எவரோ வாளியைக் கவிழ்த்து பைலாத் தாளம் தட்ட, அவள் விரலை ஆட்டி ஆட்டிப் பாடுகிறாள்:

ராத்தா வரவேணாம் — இராத்தா வரட்டும்!
ரொட்டி திங்கவேணாம் — உரொட்டி திங்கட்டும்!
லாம்பு கொளுத்தாதே — இலாம்பு கொளுத்து!

யாரைப் பார்த்து நடிக்கிறாள்? இரண்டாவது அடியில்தான் எனக்கு விளங்கியது. என்னை.

மூன்றாவது அடி முடிந்ததும் அவளால் தாங்க முடியவில்லை. அடிமட்டத்தைக் கீழே போட்டுவிட்டு, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிக்கிறாள்.

நானும் சிரித்துவிட்டேன். என் சிரிப்பு இந்த வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பியபோது, யாரோ வந்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்...

மீண்டும் பார்க்கலாமென்று விரலை வைத்தால் — காணொலி இல்லை. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்றிருந்தது. செயப்பாட்டுவினையில் இதுவொரு வசதி. செய்தவர் ஒளிந்துகொள்ளலாம்.

ஆனால் காணொலியின் கீழிருந்த குறிப்பை நான் ஏற்கெனவே படித்துவிட்டேன். 'நம்மட குடும்பத்துக்கு மட்டும். நமதுக்குப் போட வேணாம்.'

இந்த இரு சொற்களின் வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

மனைவி மறைந்த பின் நான் ஆலங்குடாவில் தனித்திருப்பதை இப்பத்தியின் வாசகர்கள் அறிவீர்கள். மகன் தோஹாவில், மகள் தெஹிவளையில். எங்கள் அனைவரையும் ஒன்றுசேர்க்கத் தங்கையின் மகள் ரிஸ்னா கைப்பேசியில் ஒரு குழு தொடங்கி, அதற்கு 'நம்மட குடும்பம்' என்று பெயரிட்டாள். வெள்ளிதோறும் மதிய உணவுக்குப் பின் அங்கே பாட்டுக்குப் பாட்டு நடக்கும். ஒருவர் பாடி முடிக்கும் எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். பதிவுசெய்து அனுப்பினால் போதும். தோஹாவும் தெஹிவளையும் புத்தளமும் என் கூடத்துக்குள் வந்து பாடிவிட்டுப் போகும்.

நான் பாடுவதில்லை. நடுவராக இருந்தேன். நடுவர் வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

முதல் வாரமே குழுவின் பெயரைத் திருத்தினேன். 'நம்மட' என்பது பேச்சு வழக்கு. 'நமது' என்பதே எழுத்து வழக்கு. ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்காதிருப்பதை உடன்பாடு என்று கொள்வது ஆசிரியத் தொழிலில் வரும் நோய்.

பிறகு அந்த வெள்ளி. மகள் பாடிய பாட்டு 'ரா' என்று முடிந்தது. அடுத்து ஸரீனா. கணவர் மறைந்து இரண்டு ஆண்டுகளாக அவள் எதையும் முணுமுணுத்துக்கூட நாங்கள் கேட்டதில்லை. அன்று அனுப்பினாள். 'ராத்திரி' என்று தொடங்கும் ஒரு பழைய பைலாப் பாட்டு. குரல் நடுங்கிற்று, ஆனாலும் முழுவதையும் பாடி முடித்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது, அச்சொல் 'இராத்திரி' என்றே வழங்கும், ஆதலால் இப்பாட்டு இகரத்தில் தொடங்குவதாகக் கொண்டு நிராகரிக்கப்படுகிறது என்று எழுதினேன்.

அக்காவை ராத்தா என்றும் அண்ணனை நானா என்றும் அழைப்பது எங்கள் வழக்கு. 'சரி நானா' என்று மட்டும் பதில் வந்தது.

அதன் பின் குழுவில் பாட்டில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று எண்ணினேன். தலவிலத் தேவாலயப் பெருநாளுக்கு வீதியெல்லாம் சனம், அதனால் எங்களவர் கடைகளில் வேலை அதிகம் என்று எண்ணினேன். காரணங்களை எனக்கு நானே எவ்வளவு இலக்கணச் சுத்தமாக அடுக்கியிருக்கிறேன்!

ஏழு வாரமும் பாட்டு நிற்கவில்லை. பக்கத்து அறைக்கு மாறியிருக்கிறது. பழைய பெயரிலேயே இன்னொரு குழு. நான் மட்டும் இல்லை. இரு பெயரும் ஏறத்தாழ ஒன்றாக இருந்ததால் எவரோ காணொலியை இங்கே இட்டுவிட்டார். அந்தத் தவறுக்கும் வழிசெய்தது என் திருத்தமே.

வருத்தமில்லை என்று எழுதினால் பொய்யாகும். ஆனால் அந்த மாலை என்னை வருத்தியது வேறொன்று. அந்தச் சிரிப்பை இன்னொருமுறை பார்க்க வேண்டும். கேட்டால், நான் பார்த்துவிட்டேன் என்பது தெரிந்துவிடும். எனக்கும் வெட்கம், அவர்களுக்கும் வெட்கம். கேட்காவிட்டால்...

கடற்கரை விடுதிகளில் காற்றுப்பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வந்தவர்கள் பாட்டை உரக்க வைத்திருந்தார்கள். சோளகக் காற்று அதை அரைகுறையாக என் வாசல்வரை கொண்டுவந்தது. அஸர் தொழுகைக்குப் பின் ரிஸ்னாவை அழைத்தேன்.

என் குரலைக் கேட்டதும் அவள் விடயத்தை ஊகித்துவிட்டாள். கைதவறித்தான் வந்தது, விளையாட்டுக்குச் செய்தது, நானாவுக்கு மனம் நோகும் என்று உம்மா முதலிலேயே சொன்னார் என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"மாமா, கோவமா?"

"இல்ல மகள். கடைசியில உம்மா சிரிக்கிறா. அத இன்னொருக்கா பார்க்கோணும்."

அவள் அழைப்பில் இருந்தபடியே அதைத் தேடி எடுத்தாள். பின் அனுப்பினாள்.

"உங்களையும் அங்க சேர்க்கவா மாமா?"

"வேணாம். நான் வந்தா நீங்க மூணாவதா ஒண்டு தொடங்கோணும்."

சிரித்தாள். ஆனால் மறுக்கவில்லை.

காணொலியைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒன்று சொல்ல வேண்டும். 'ராத்தா'வுக்கும் 'லாம்பு'க்கும் இகரம் இட்டு, 'ரொட்டி'க்கு மட்டும் உகரம் இட்டிருக்கிறாள். ஒகரம் சேர்ந்த ரகரத்துக்கு உகரமே வரும். இவ்விதியைச் சிறுமியாயிருந்தபோது நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என்னைக் கேலி செய்யும்போதும் பிழைவிடவில்லை, என் தங்கை.

ஆகவே நானும் இந்த விளையாட்டில் இறங்கினேன். செவ்வாய்க்கிழமை 'நமது குடும்பம்' குழுவில், எவரும் கேளாமலே, முன்னையினும் மிடுக்காக ஓர் அறிவித்தல் இட்டேன். 'லொறி என எழுதுவது தவறு. இனி அனைவரும் இலொறி என்றே எழுதுக.'

இது பிழை. 'உலோகம்' போல 'உலொறி' என்றுதான் வரவேண்டும். அறிந்தே விட்டிருக்கிறேன். ஸரீனாவுக்கு இது பட்டென்று பிடிபடும். நடுவரையே நிராகரித்து ஒரு வரி எழுதலாம், பாடியும் அனுப்பலாம்.

மூன்று நாளாகிறது. பதின்மூன்று பேரும் பார்த்துவிட்டதாகக் கைப்பேசி காட்டுகிறது. இன்னும் ஒருவரும் திருத்தவில்லை.

இதை இங்கே எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். அஞ்ச வேண்டாம் — என் குடும்பத்தில் எவரும் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை.