ராஜாங்கம் மெச்சாத காசு

முல்லா வீதியில், படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் உசேன் பாயின் கடைக்கு எதிரே வந்ததும் ராஜாங்கத்தின் சைக்கிளில் செயின் கழன்றுவிடும். மனிதர் மில்லில் ஃபிட்டர். ஊரார் சைக்கிளுக்கெல்லாம் செயின் மாட்டிக் கொடுப்பவர். அவருடைய சைக்கிள் மட்டும் வீடு இருக்கிற மூலக்குளத்திலிருந்து அத்தனை தூரமும் ஒழுங்காக வந்து, சரியாக அந்த இடத்தில் மக்கர் பண்ணும். இறங்குவார், குந்துவார், செயினைத் தொட்டும் தொடாமலும் கடைக்குள்ளே கண்ணை விடுவார். பாய் புதிதாக எதைப் பிடித்திருக்கிறார் என்று தெரிந்தால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும். தெரிந்துவிட்டாலோ, வயிற்றெரிச்சலில் அதுவும் இறங்காது.

இருவருக்கும் காசு சேர்க்கிற பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதிச் சந்தையில் சாக்கு விரித்துப் பழைய பித்தளை விற்பவர்களிடம் ஓட்டைக் காலணாவும் பிரெஞ்சுக்காரன் காலத்துக் காசும் பொறுக்கப் போய்ப் பழக்கமானவர்கள். காசோடு நின்றிருந்தால் ராஜாங்கம் நிம்மதியாக இருந்திருப்பார். பாய் ஒன்றோடு நிற்கிற ஆளா? தீப்பெட்டிப் படம் சேர்த்துச் சட்டம் போட்டு மாட்டினார். உடனே ராஜாங்கம், பீடி குடிக்கும் பழக்கம் இல்லாதவர், மில் வாசல் பெட்டிக்கடையில் விதவிதமாகத் தீப்பெட்டி வாங்கினார். பாய் கள்ளிச்செடி வளர்த்தார். இவர் வீட்டு மாடியில் முள் மண்டி, மனைவி அமிர்தவல்லிக்கு வற்றல் காயவைக்க இடமில்லாமல் போயிற்று. பாய் ரேடியோவில் வெளிநாட்டு நிலையங்களைப் பிடித்து, கேட்டேன் என்று அவர்களுக்கு எழுதிப் போட்டு, வண்ண அட்டைகள் வரவழைத்தார். இவரும் எழுதினார். ஒரு காலண்டர் வந்தது. அதை வீட்டுக்குள்ளே மாட்டவில்லை. தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி வாசற்கதவில் மாட்டினார்.

“அந்த பாய் கெணத்துல குதிச்சா நீங்களும் குதிப்பீங்களா?” என்று கேட்டாள் அமிர்தவல்லி.

“எந்தக் கெணத்துல குதிக்கிறாராம்?” என்றார் ராஜாங்கம். தலையில் அடித்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

ஊர் சிரித்தது பெத்தாங்க் விஷயத்தில்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்பார்கள். அவர்கள் சாயங்காலத்தில் மண் தரையில் இரும்புக் குண்டு வீசி ஆடுகிற ஆட்டம் அது. துமாஸ் வீதி சொல்தா ஒருவர் பாயைச் சேர்த்துக்கொண்டார். ராஜாங்கத்தை நாய்கூடக் கூப்பிடவில்லை. “என்னா பெரிய குண்டு! நானே கடைஞ்சுக்கறேன்” என்று மில்லில் லேத்து ஓட்டும் வேம்புவைத் தாஜா பண்ணி, அளவு பிசகாமல் மூன்று குண்டு கடைந்து வாங்கினார். பார்வைக்கு அசல் சீமைச் சரக்குதான். என்ன, அசல் குண்டு உள்ளே கூடாக இருக்கும். இவருடையது முழு இரும்பு. முதல் வீச்சிலேயே தோள்பட்டை பிசகிக்கொண்டது. அமிர்தவல்லிதான் நாளெல்லாம் ஒத்தடம் கொடுத்தாள். பாய் தைலம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அந்தத் தைலத்தை ராஜாங்கம் திறக்கவே இல்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். அவர் அடிவயிற்றில் அணையாமல் எரிந்தது ஒரு காசு. புதுச்சேரியிலேயே புழங்கிய பழைய வெள்ளிப் பணம். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் அல்லிப்பூ. எல்லாம் வைத்திருந்த ராஜாங்கத்திடம் அது மட்டும் இல்லை. பாயிடம் இருந்தது. ஞாயிறு தவறாமல் பாய் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவார்: “பாருங்கண்ணே.”

காசு சேர்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆசைப்பட்ட காசை ஆசையாகப் பார்க்கக் கூடாது. பார்த்தால் விலை ஏறிவிடும். பக்கத்தில் கிடக்கிற உதவாத காசைக் கையில் எடுத்துப் புரட்ட வேண்டும். வேண்டியதைக் கடைசியில், போனால் போகிறது என்பதுபோலக் கேட்க வேண்டும். இந்த வித்தையில் ராஜாங்கம் புலி. பாய் நீட்டுகிறபோது உள்ளே நெஞ்சு அடித்துக்கொள்ளும். முகமோ கல்லுப்பிள்ளையார். “தேஞ்ச காசு பாய். இது போயி என்னா பெறும்?” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பாய் திரும்பப் பையில் போட்டுக்கொள்வார். எழுபத்தாறாம், எழுபத்தேழாம் வருஷ வாக்கில் தொடங்கிய நாடகம் இது. கடைசிக் காட்சி மட்டும் வரவே இல்லை. பாயிடம் போய்க் கையேந்துவதா என்கிற வீறாப்பு வேறு சேர்ந்துகொண்டது.

இந்த எண்பத்தாறு மாசியில் சாமி கண்ணைத் திறந்தது. பாய் இரண்டு வருடமாகப் புறா வளர்க்கிறார். ராஜாங்கமும் வளர்க்கிறார், அதைச் சொல்லவும் வேண்டுமா! பாயின் கர்ணப்புறா, வானத்தில் குட்டிக்கரணம் போடுகிற வெள்ளை ஆண் புறா, ஒரு ஞாயிறு காலை மூலக்குளம் மாடியில் வந்து இறங்கியது. ஏன் இறங்கியது என்று ராஜாங்கத்தின் பெட்டைப் புறாவைத்தான் கேட்க வேண்டும். அடுத்தவன் மாடியில் இறங்கிய புறா பிடித்தவனுக்குச் சொந்தம். வேண்டுமானால் ஈடு கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். புறாக்காரர்கள் சட்டம் அது. ராஜாங்கம் அன்று சந்தைக்கே போகவில்லை. வேம்புவிடம் மட்டும் காதும் காதும் வைத்ததுபோலச் சொன்னார். வேம்புவிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

“வருவாரு பாரு. வந்து கெஞ்சுவாரு. அந்த வெள்ளிப் பணத்த வையி, புறாவ எடுன்னு சொல்லிடறேன்” என்று அமிர்தவல்லியிடம் குதித்தார்.

“சொல்லித் தொலைங்க. இத்தினி வருசமா எங்கிட்டதானே சொல்லிக்கினு இருக்கீங்க” என்றாள் அவள்.

வெயில் ஏறிய பிறகு பாய் வந்தார், தோளில் ஒரு தோல்பையோடு. ராஜாங்கம் புறாவை மார்போடு அணைத்துக்கொண்டு மாடியில் மாப்பிள்ளை முறுக்கோடு நின்றார்.

“வாங்க பாய். அதிசயமா இந்தப் பக்கம்?”

“நம்ம கர்ணம் இங்க எறங்கிடுச்சாமே. வேம்பு சொன்னாரு.”

“எறங்குனா புடிச்சவனுக்கு. ஒங்களுக்குத் தெரியாத வழக்கமா?”

“வெச்சிக்குங்கண்ணே.”

ராஜாங்கம் ஆடிப்போனார்.

“வெச்சிக்கவா? அப்ப எதுக்கு வந்தீங்க?”

“மிச்ச புறாவையும் உங்ககிட்டயே விட்டுடலாம்னு கேக்க வந்தேன். எனக்கு இனிமே அதுக்கு நேரம் இல்ல. வால்நட்சத்திரம் வருதில்ல, எழுவத்தாறு வருசத்துக்கு ஒரு தடவ! விடியகாலையில கடக்கர போயி பாக்கறேன்.” தோல்பையைத் திறந்து கருப்பாக, கனமாக ஒரு பைனாகுலரை எடுத்தார்.

பேரம் கை நழுவிப் போகிறதென்று ராஜாங்கத்துக்குப் புரிந்தது. வித்தை, வீறாப்பு எல்லாம் பறந்தது. “புறா கிறா ஒண்ணும் வாணாம் பாய். அந்தக் கிரீடம் போட்ட வெள்ளிப் பணத்த எனக்குக் குடுங்க” என்று போட்டு உடைத்தார்.

பாயின் முகம் விழுந்துவிட்டது.

“யா அல்லா! அத சொல்தாகிட்ட குடுத்துத்தானேண்ணே இத வாங்கனேன். போன வெள்ளிக்கிழமதான்.”

“அதயா? அதயா குடுத்தீங்க?”

“உங்களுக்குத்தான்னு எத்தினி வருசமா பையிலயே வெச்சிக்கினு இருந்தேன். வாரா வாரம் நீட்டனேனே. ஒரு நாளாச்சும் கையில வாங்கனீங்களா? தேஞ்ச காசு தேஞ்ச காசுன்னீங்க. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அங்கியே குடுத்திருப்பேன். புடிக்காதவரு தலையில எப்பிடிண்ணே கட்டறது?”

ராஜாங்கம் புறாவை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். மோர் கொண்டுவந்த அமிர்தவல்லி படியிலேயே நின்றுவிட்டாள். குத்திக்காட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அதை அவள் விட்டுவிட்டாள்.

பாவம், பாய்தான் பேச்சை மாற்றப் பார்த்தார். “அதோ, அந்த மூலைண்ணே. தென்கெழக்கால. விடியறதுக்கு முன்னாடி அங்கதான் ஏறுது” என்று கடல் பக்கம் கை காட்டிவிட்டு, பைனாகுலரை நீட்டினார். “சும்மா புடிச்சிப் பாருங்க.”

ராஜாங்கம் புறாவை விட்டார். அது படபடத்துக்கொண்டு எங்கே போனதென்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பைனாகுலரை இரண்டு கையாலும் பிடுங்குவதுபோல வாங்கிக்கொண்டார்.

“நல்லா இருக்கு பாய்” என்றார், தெருவுக்கே கேட்கும்படி. “ரொம்ப நல்லா இருக்கு.” சொல்லிக்கொண்டே வாரைத் தன் கழுத்தில் மாட்டி, பட்டப்பகல் வெயிலில் ஒன்றுமே இல்லாத அந்த மூலையை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.