ராணிக்கு இடம் பார்த்த கதை

நகரியில் கல்யாணக் குதிரை வைத்திருப்பவனுக்கு வருஷத்தில் இரண்டு ஆடி. தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடம் பிறந்ததும் கல்யாணம் நின்றுவிடும். அது முடிந்ததே என்று சேணத்தைத் தூசி தட்டினால், தமிழ்க்காரர்களின் ஆடி பாதியில் நிற்கும். இரண்டு பக்கத்து மாப்பிள்ளைகளையும் சுமந்த எங்கள் ராணி அந்த நாட்களில் தின்பதும் நிற்பதுமாக இருப்பாள். நைனாவும், அதாவது அப்பாவும், ஏறத்தாழ அப்படித்தான். வீட்டை ஓட்டியது அம்மா ஓட்டிய பவர்லூம் தறிகள். அதை அவள் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது.

அந்த வருஷம் ராணி சினையாக இருந்தாள். எனக்குப் பத்து வயது இருக்கும். குட்டிக்குப் பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன். பார்க்க வந்த மாட்டு டாக்டர், தறிக்கூடத்தை ஒட்டிய தகரக் கொட்டகையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். திரும்பிப் படுக்கக்கூட இடமில்லை, இங்கே குட்டி போட்டால் தாயே மிதித்துவிடும் என்றார். கடைசி மாதத்துக்கு முன்பே ஒரு நல்ல பண்ணையில் கொண்டுபோய் விட்டால்தான் இடம் பழகுமாம். குட்டி மிதிபடுவதை நினைத்து அன்றைக்கு நான் சோறே சாப்பிடவில்லை.

நைனா இடம் பார்க்கக் கிளம்பினார். வண்டி ஓட்டியது மாமா, அம்மாவின் தம்பி. நடுவில் நசுங்கிக்கொண்டு நான்.

நைனா இடம் பார்க்கிற அழகே தனி. பண்ணைக்காரர் மோர் நீட்டினால் வாங்கமாட்டார். நேராகத் தொட்டிக்குப் போய், அந்தத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடிப்பார். புல் போரிலிருந்து ஒரு பிடி உருவி மோந்து பார்ப்பார். பூஞ்சை வாசம் அடித்தால் அதோடு சரி. வேலியில் முள்கம்பி கண்ணில் பட்டால் பேச்சே கிடையாது. அலிபிரி பக்கம் ஒரு பண்ணையில் குதிரைக்கு ஃபேன் எல்லாம் போட்டிருந்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வந்து பார்க்கலாம் என்றார் சொந்தக்காரர். "இது என்னா, ஜெயிலா?" என்று கேட்டுவிட்டு நைனா வண்டியில் ஏறிக்கொண்டார். நாராயணவனத்தில் ஒரு பண்ணை எல்லாவற்றிலும் தேறியது. பக்கத்திலேயே தறிக்கூடம் தடதடத்துக்கொண்டிருந்ததால் அதையும் வேண்டாம் என்றுவிட்டார்.

கடைசியில் வரதய்யபாளையம் தாண்டி ஒரு மாந்தோப்பு கிடைத்தது. இனிக்கிற தண்ணீர், மெத்தென்ற மண், தங்கமான மனிதர். முக்கியமாக, துளி சத்தம் இல்லை.

"பாவம், பொறந்ததுலேர்ந்து தறிச் சத்தத்துலயே கெடக்குது. இங்கியாவது நிம்மதியா தூங்கட்டும்" என்றார் நைனா. மாமா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். இதைவிட நல்ல இடம் சொர்க்கத்தில்தான் என்று ராணியை விட்டுவிட்டு வந்தோம்.

சில நாளிலேயே போன் வந்தது. "அண்ணா, ராணி ஏமீ தினட்லேது" என்றார் தோப்புக்காரர். அவள் ஒன்றுமே தின்னவில்லை என்று கேட்டதும் நைனா போட்டது போட்டபடி ஓடினார். நானும் கூடவே தொற்றிக்கொண்டேன். ராணி காதை விறைத்துக்கொண்டு நின்றாள். ஒரு மாங்காய் விழுந்தால்கூட உடம்பு அதிர்ந்தது. டாக்டர் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு நோய் எதுவும் இல்லை என்றார். ஆனால் இப்படியே பட்டினி கிடந்தால் குட்டி தங்காது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நைனா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். என்னைப் பிரிந்த ஏக்கம்தான் ராணிக்கு என்று நான் ஓவென்று அழுதேன். அம்மா தறியை நிறுத்திவிட்டு, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

"சத்தம் இல்லாம அதுக்கு பயமா கீது. வேற எடம் பாரு. இந்த வாட்டி அதியும் கூட்டிக்கினு போ. இருக்கப்போறது அதானே, நீயா?"

ஊர்த் தொட்டியெல்லாம் குடித்துப் பார்த்த நைனா, மினி லாரிக்குச் சொல்ல எழுந்து போனார்.

மறுநாள் ராணியை ஏற்றி, நைனா வேண்டாம் என்ற அந்த நாராயணவனத்துப் பண்ணைக்கே கொண்டுபோனோம். இறக்கியதும் அவள் அந்தத் தடதடப்பைக் கொஞ்ச நேரம் கேட்டாள். காது மெல்லத் தளர்ந்தது. பிறகு பக்கத்துப் பசுவின் முன்னால் கிடந்த புல்லில், கேட்காமல் கொள்ளாமல் வாயை வைத்தாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆடி முடிவதற்குள் குட்டி பிறந்துவிட்டது. பெண் குட்டி. அன்று அம்மாவும் தறியை விட்டுவிட்டு எங்களோடு வந்தாள். ராணிக்காக அவள் வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

"உனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்று நைனா கேட்டார்.

"நானும் கழனியிலேர்ந்து தறிக்கு வந்தவதானே" என்றாள் அம்மா. "கல்யாணமாயி வந்த புதுசுல அந்தச் சத்தத்துல ஒரு வாய் சோறு எறங்கல. ஏன் துன்னலன்னு யாரு கேட்டா?"

நைனா குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அம்மா என் தலையில் கை வைத்தாள்.

"இவளுக்கு எடம் பாக்கும்போது, இவளயும் கூட்டிக்கினு போய்க் காட்டு. இவ வாணான்னா வாணாம்."

நான் என்ன குதிரையா என்று எனக்குக் கோபம் வந்தது. நான் எங்கேயும் போகப்போவதில்லை, எனக்கு எந்த இடமும் வேண்டாம் என்று கத்தினேன். மாமா மறுபடி சிரித்தார். அதற்குள் குட்டி தள்ளாடி எழுந்து நிற்க, நான் அதனிடம் ஓடிவிட்டேன். பின்னால் நைனா "சரி" என்று சொன்னது காதில் விழுந்தது. அது என்னைப் பற்றிய வாக்கு என்பதும், அதை வாங்க அம்மா எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.