ஐந்து வீட்டுத் துணி

என் மாமியாருக்குக் கோணல் ஆகாது. எனக்கும் ஆகாது. எங்கள் இருவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அதுவே என் தலையில் விடிந்தது.

அறுபத்து நாலில் நாங்கள் பொம்மிடியில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்து மாதம் திரும்புவதற்குள் போய்விட்டன. மூன்றாவது பெண். மூன்று மாதம் தாண்டி நின்றாள். ஆனால் எலும்பும் தோலும்தான். பால் குடிக்கவே மூச்சு வாங்கும்.

மாமியார் ஒரு வழி சொன்னார். "அஞ்சு வூட்டுல பழந்துணி வாங்கி, ஒட்டுப்போர்வை தெச்சு, அதுல புள்ளையப் போடு. ஒண்ணுகூடச் சாவாத வூடாப் பாத்து வாங்கு. அந்தப் புள்ளைங்க ஆயுசு இதுக்கும் வரும். வாங்குன துணிய வெட்டவும் கூடாது, கழிக்கவும் கூடாது."

நம்பினாயா என்று கேட்காதீர்கள். இரண்டைப் புதைத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? முந்தானையை ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்துக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் மல் வேட்டி, ஒரு வீட்டில் சீட்டிப் பாவாடை, இரண்டு வீட்டில் நூல் சேலை. ஐந்தாவது, எதிர்வீட்டுப் பாயம்மா. அவருக்கு நான்கு பையன்கள், நான்கும் கல்லுக்குண்டு. நான் கேட்டதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்ப் பெரிய பையனின் ஊதாக் கட்டம் போட்ட லுங்கியைக் கிழித்துக் கொண்டுவந்தார். "எம் மிஷின்லயே தெச்சுக்க கண்ணு" என்றார்.

அது கையால் சுற்றுகிற மிஷின். வலது கை சுற்றும், இடது கை துணியைத் தள்ள வேண்டும். எனக்கு அவசரம். தள்ளாமல் இழுத்தேன். நைந்த வேட்டி ரப்பராக நீண்டது, லுங்கி அசையவே இல்லை. ஐந்தையும் சேர்த்துத் தரையில் விரித்தால், ஐயோ, மேல்துணி ஒரு பக்கம் முக்கால் சாண் சாய்ந்து கிடக்கிறது.

பிரித்தேன். மறுபடி தைத்தேன். அப்போதும் கோணல். தண்ணீர் தெளித்துக் கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தேன். நான் இரண்டு மூலையையும் வீட்டுக்காரர் இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டு, மாடு கட்டி இழுக்காத குறையாக இழுத்தோம். "ரயிலையே தடம் மாத்தி விடறேன், இத என்னால முடியாது" என்று அவர் விட்டுவிட்டார். அந்த லுங்கிதான் வில்லங்கம். துவைத்துத் துவைத்து இழையே சாய்ந்துபோன துணி. எப்படி வைத்தாலும் மற்ற நான்கையும் தன் பக்கம் இழுத்தது. ஓரத்தை நறுக்கினால் நேராகிவிடும். நறுக்கத்தான் கூடாதே!

மாமியார் வந்து பார்த்தார். "கோணப் போர்வையில கெடத்துனா புள்ள கோணையாத்தான் எந்திரிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நான்காவது தடவை பிரித்தபோது, மாமியார் மத்தியானத் தூக்கத்தில் இருந்த நேரமாகப் பார்த்து, லுங்கிப் பட்டையை எடுத்து அடுப்பில் திணித்தேன். அதற்குப் பதில் என்னுடைய பழைய சேலை ஒன்றைக் கிழித்து வைத்தேன். அதுவும் ஊதாக் கட்டம். அந்த நேரத்தில் நிறம் மட்டும்தான் என் கண்ணில் பட்டது. இரண்டு பிள்ளைகள் செத்த வீட்டுத் துணி என்று தோன்றவே இல்லை. போர்வை நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. மாமியார் தடவிப் பார்த்து, "இப்பச் சரி" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு.

ஆறாம் மாதம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தருமபுரிக்குப் போகிற பஸ்ஸிலேயே, அந்தப் போர்வைக்குள்ளேயே அடங்கிவிட்டாள். புதைக்கும்போது போர்வையை நான் கொடுக்கவில்லை. டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அதற்கப்புறம் எனக்குப் பிள்ளையே இல்லை. துணியை மாற்றினதை வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லவில்லை.

பதினோரு வருஷம் கழித்து, சேலத்துக்கு மகனோடு குடிபோகிற பாயம்மா சொல்லிக்கொள்ள வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"கண்ணு, ஒண்ணு சொல்லணும். திட்டணும்னா திட்டிக்க. இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பொண்ணு பொறந்து இருவது நாள்ல போயிருச்சு. நீ வந்து முந்தானைய ஏந்திக்கிட்டு நின்னப்போ, எப்படி இல்லேன்னு சொல்றது? லுங்கியக் கிழிச்சுக் குடுத்துட்டேன். அந்தத் துணிதானே உம் புள்ளைய..."

நான் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து போர்வையை எடுத்துவந்து அவர் மடியில் விரித்தேன்.

"உங்க துணி இதுல இல்லீங்க பாயம்மா. கோணலா இழுத்துச்சுன்னு அப்பவே எடுத்து எரிச்சுட்டேன். புள்ள மேல படவே இல்லீங்க."

அவர் நம்பவில்லை. ஊதாக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "அப்ப இது யாரு வூட்டுது?"

யார் பெயரையாவது சொல்லியிருக்கலாம். அந்தத் தெருவில் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போயாகிவிட்டது, யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

"என்னுதுங்க. என் சேலை" என்றேன்.

பாயம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில் அவர் முகம் லேசானதை நான் பார்த்தேன். அவர்மேல் தப்பில்லை, பதினோரு வருஷம் சுமந்திருக்கிறார். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, போய் வருகிறேன் என்று எழுந்தார். நான் போர்வையை நான்காக மடித்தேன். ஒரு மூலைகூடப் பிசகாமல் நேராக மடிந்தது.