பட்டன் டப்பாவில் போட்ட மாத்திரைகள்

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து கோணலாக வரும், நடுவில் மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் மறக்கவில்லை... என் வீட்டுக்காரருக்கு டாக்டர் எழுதிய ஞாபக மாத்திரையை நான் கொடுப்பதில்லை. நாலைந்து மாதமாயிற்று. இன்று காலையும் கொடுக்கவில்லை.

வில்லியனூரில் நூலும் பட்டனும் விற்கிற சின்னக் கடை எங்களுடையது. அவருக்கு மறதி நோய் வந்ததும் மூடிவிட்டோம். மாத்திரை தொடங்கிய புதிதில் தெளிவாக இருந்தார். பிறகு அளவைக் கூட்டினார்கள். அந்த மாதமே மூத்திரம் அடங்காமல் போயிற்று.

மூத்திரம் பட்ட துணியோடு நாங்கள் தொழுவதில்லை. சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு கேட்டதும் அவர் கை கால் கழுவிக் கிளம்புவார். பள்ளிவாசல் படி ஏறுவதற்குள் கைலி நனைந்துவிடும். திரும்புவார். மறுபடி கழுவி, மறுபடி மாற்றி... ஒருநாள் நான்காவது கைலியோடு உட்கார்ந்துவிட்டார்.

"அல்லா என்னைய வாணாம்னுட்டான்டி ஜெமீலா" என்றார்.

பள்ளிவாசலில் தொழவைக்கிற அஸ்ரத்தைக் கேட்டிருந்தால் அதற்கும் வழி சொல்லியிருப்பார். ஓர் ஆண்பிள்ளையிடம் இதை எப்படிக் கேட்பேன்?

மறுநாளிலிருந்து மாத்திரையைப் பழைய பட்டன் டப்பாவில் போட்டேன். வெள்ளையாய், வட்டமாய், பட்டன்களோடு கலந்துபோயின. சில நாளில் கைலி காய்ந்தது. வெயில் சாயும் நேரத்தில் வெள்ளைத் தொப்பியோடு அவர் தெருவில் நடந்து வருவார்... கல்யாணத்தன்று பார்த்த மாதிரியே இருக்கும். நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷமா என் குற்றம்?

பிறகு ஞாபகம் ஒவ்வொன்றாக, பனிக்குள் போவதுபோலப் போயிற்று. முதலில் கடைத்தெரு. அப்புறம் மகன் பெயர். தொழுகையில் எல்லோரும் குனியும்போது அவர் மட்டும் நின்றபடி இருந்தாராம்.

மகன் அரியூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். எங்களுக்கு முன்னால் ஒரு கரும்புக்காரரின் பெண்சாதி. "சார், இவரு வேட்டிய நனைச்சிக்கினே இருக்காரு. இன்னான்னு பாருங்க" என்றாள், சந்தையில் பேசுவதுபோல.

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. "மாத்திரையாலகூட இருக்கும்மா. பாத்துட்டு அளவக் கொறைக்கலாம். நீங்களா நிறுத்திடாதீங்க."

அவ்வளவுதானா! ஒரு வாய்ச்சொல்தானா!

எங்கள் முறை வந்தது.

"மாத்திரை ஒழுங்கா குடுக்கிறீங்களா?" தலையாட்டினேன்.

"மூத்திரம் போறதுல எதனா தொந்தரவு?"

மகன் பக்கத்தில் நின்றான். முக்காட்டை இழுத்துக்கொண்டு, "இல்ல" என்றேன்.

நோய் முற்றுகிறது என்று டாக்டர் மகனிடம் சொன்னார்.

நேற்று அசர் பாங்கு கேட்டது. அவர் எழவில்லை. டப்பாவை மடியில் கவிழ்த்துப் பட்டன்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, கடைக்கு வந்தவளிடம் பேசுவதுபோல் மரியாதையாகச் சொன்னார்: "இது நம்ம கடைது இல்லம்மா. இதுல தொளையே இல்ல, எப்பிடித் தைப்பீங்க?"

கைலி காய்ந்துதான் இருந்தது...

படித்த யாராவது பார்த்துச் சொல்லுங்கள். அவர் ஞாபகம் போனது நோயாலா, என்னாலா? நின்றுபோனதை மறுபடி தொடங்கலாமா? மாத்திரையின் பெயரை நான் தப்பாக எழுதிவிடுவேன். அட்டையை இந்தத் தாளோடு குத்தி வைத்திருக்கிறேன், சரிபாருங்கள்.