ரப்பர் கையுறை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி தள்ளி வருபவர் நரைமீசைக்காரர். எந்த வீட்டு நாயைத் தொடும் முன்பும் கையுறையைக் கழற்றி, பாட்டில் தண்ணீரில் கை கழுவிக்கொள்வார்.

ஒருநாள் எங்கள் நாயின் காதை மடித்துப் பார்த்தார். உள்ளே உப்பிய உண்ணிகள்.

"சீவி விடுறதில்லையா சார்?"

"குட்டை முடிதானே, எதுக்குங்க?"

"அதுவும் கொட்டும் சார்" என்றவர், புது ரப்பர் கையுறை ஒன்றை மாட்டி, நனைத்து, நாயைத் தேய்த்தார். முடி கொத்துக் கொத்தாக வந்தது. நாய் கண்ணை மூடி அவர் மடியில் சாய்ந்தது. உண்ணிகளை வெறுங்கையால் எடுத்தார்.

"பாட்டில் காலி. கை கழுவக் கொஞ்சம் தண்ணி தாங்க சார்."

வாசலுக்குள்ளேயே குழாய் இருந்தது. நான் தெருமுனைக் குழாயைக் காட்டினேன்.

நாய் மட்டும் உள்ளே வந்து சோபாவில் ஏறியது.

மறுநாளும் அதைத் தொடும் முன் அவர் கை கழுவிக்கொண்டார். ஜன்னலில் நின்ற நான் வாசலுக்குப் போகவில்லை.