பச்சைப் பொட்டலத்தைத் தின்றது யார்?

டூ ஷீ-ஹானின் பெப்டைட் எலியின் மூளைக்குள் நுழைந்ததற்குக் காரணம் டூ ஷீ-ஹானின் மூளை அல்ல என்று தைவானின் சிஞ்சு நகரத்து ஆய்வகத்தில் மாடிக்கு மாடி பேச்சு. யாரோ பொட்டலத்தை மாற்றிவிட்டார்களாம். கேட்டுப் புண்பட்டவனும் டூதான், விசாரிக்கக் கிளம்பியவனும் டூதான்.

மருந்தைச் சுமந்துகொண்டு ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் பெப்டைட்களை, அதாவது அமினோ அமில மணிகளைக் கோத்த மாலைகளை, வடிவமைப்பது அவன் பிழைப்பு. நடுவில் நிற்கும் ரத்தநாளச் சுவர், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத ரகம். இரும்புச்சத்தை மட்டும் கைபிடித்து உள்ளே அழைத்துப் போகும். டூவின் பெப்டைட்களும் அந்தக் கையைப் பிடித்தன. ஆனால் விடவில்லை. விருந்துக்கு வந்த மாமனார் போல சுவருக்குள்ளேயே தங்கிவிட்டன.

மாமனார் பேச்சே டூவுக்கு ஆகாது. வேலை நீட்டிக்கப்படாவிட்டால் அவருடைய இரவுச் சந்தைக் கடையில் சிப்பி ஆம்லெட் புரட்ட வேண்டும்.

இந்த முறை பெப்டைட் மருந்தோடு போய்ச் சேர்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் இந்த வதந்தி.

பெப்டைட் கோக்கும் இயந்திரத்தின் தலையில் எப்போதும் பச்சைப் பொட்டலத்தில் நொறுக்குத்தீனி இருக்கும். இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சு கேட்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. மஞ்சள் பொட்டலம் ஆகவே ஆகாது. இயந்திரத்தைக் கவனிக்கும் சுவாங் யூ-பிங்கிடம் டூ போனான்.

“அக்கா, பொட்டலத்தை யாராச்சும் மாத்தினாங்களா?”

“வந்து பாரு, மஞ்சள் உக்காந்திருக்கு! நான் லீவுல போன நேரம், எவனோ பச்சையைத் தின்னுட்டு இதை வச்சிருக்கான்.”

“அதனால என்னக்கா ஆயிடப்போவுது?”

“உன் சரக்கை எடை போட்டுப் பாரு, தெரியும்.”

போட்டான். பெப்டைட் மாலையில் ஒரு மணி குறைந்திருந்தது. இயந்திரம் விழுங்கியிருந்தது. அதனால் பிடி தளர்ந்து, பெப்டைட் கையைப் பிடித்து ஏறி, உள்ளே போனதும் விட்டுவிட்டது. இத்தனை வருடம் பிடியை இறுக்கிக்கொண்டே வந்தவனுக்கு நாற்காலி தேவைப்பட்டது.

மறைத்திருப்பான். ஆனால் அடுத்த முறை இயந்திரம் ஒழுங்காகக் கோத்துத் தொலைத்தால்? வேலை நீட்டிப்பு பேராசிரியர் ஷென் கையில். அவரிடமே போனான்.

“மேடம், அது நான் வரைஞ்சது இல்ல. மெஷின் பண்ணின தப்பு. யாரோ பச்சைப் பொட்டலத்தைத் தின்னுட்டாங்க.”

பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பினார். “பசிச்சுது. கேன்டீன் மூடியிருந்துச்சு. அதான் மஞ்சள் வச்சேனே! ரெண்டும் தீனிதானேப்பா?”

பெப்டைட் மாலையில் ஒரு மணி குறைந்ததைக் காட்டும் எடைச் சீட்டை டூ நீட்டினான்.

“சரி விடு. இப்ப வேணும்னே அந்த ஒண்ணைக் குறைச்சு மறுபடி பண்ணு. திரும்பவும் உள்ள போச்சுன்னா, உன் வேலைக்கு நான் பொறுப்பு.”

டூ ஓடினான். யூ-பிங் கையைக் கட்டிக்கொண்டாள்.

“பச்சை வராம பட்டனைத் தொடமாட்டேன்.”

“நானே வாங்கிட்டு வரேன்க்கா!”

“நீயா தின்ன? தின்னவங்கதான் வாங்கித் தரணும். வேற யார் வச்சாலும் மெஷின் மன்னிக்காது.”

பேராசிரியரிடம் இதை எப்படிச் சொல்வது? சொன்னான். “அட, ஒரு பொட்டலந்தானே, ஆகட்டும்” என்றார். மறந்தார். மீண்டும் சொன்னான். மீண்டும் ஆகட்டும். ஊரில் மாமனார் புது ஏப்ரனைத் துவைத்து இஸ்திரி போட்டுவிட்டதாகத் தகவல்.

இன்று காலை பேராசிரியர் புடைத்த பையோடு வந்தார். டூ எட்டிப் பார்த்தான்.

குடை.